சினி... சினி... சீனி!

வியாழக்கிழமை. காலை ஒன்பது நாற்பது.

"ஆமி சினி...! ஆமி சினி...!"

அலறல்!

கல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், சாத்திய கதவுக்குள்ளிருந்து வந்தது.

எதிர் ஃப்ளாட் வங்காளி மாமி, எல்லோருக்கும் 'மாசிமா', கழுவிக் கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அந்தக் கதவில் காதை வைத்தாள்.

"ஆமி சினி...!"

மறுபடியும் அதே குரல். மஹாதேவனின் குரல். தொடர்ந்து...

தட்!

யாரோ விழுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

வங்காளம் தெரியாதவர்களுக்குச் சொல்லி விடுகிறேன். 'ஆமி சினி' என்றால், 'எனக்கு ஆளைத் தெரியும்' என்று அர்த்தம்.

மாசிமாவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே திருடன்! மஹாதேவன் அவனை அடையாளம் கண்டுகொண்டு விட்டார்! அதனால்தான் அடி!

மாசிமா மிகத் தைரியமாகத் தன் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வாட்ச்மேனுக்கு போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. டீ குடிக்கப் போயிருந்தான். மறுபடியும் போட்டாள். மறுபடியும்...

பத்து நிமிடம் கழித்து வாட்ச்மேன் படியேறி ஓடி வந்தான். பாதிப் படியில் ஒரு இளைஞன் அவன்மேல் மோதிக்கொண்டு கீழே பறந்தான். வாட்ச்மேன் அவனைத் தெருமுனை வரை துரத்திவிட்டு, மூச்சு வாங்க மறுபடியும் மேலே வந்தான்.

மஹாதேவன் வீட்டுக் கதவு இப்போது திறந்திருந்தது!

வாசலை ஒட்டி அவர் கிடந்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஜனவரிக் குளிரில் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாய் மட்டும் லேசாக அசைந்து கொண்டிருந்தது.

"பகவான் நாமம் சொல்றார்..." என்று மாசிமா வங்காளத்தில் விசும்பினாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் ஜலஜாவின் கிளினிக்கில் போன் அடித்தது.

ஜலஜாவுக்கு வயது நாற்பத்தாறு. கண் டாக்டர். பிறந்தது, படித்தது, ப்ராக்டிஸ் எல்லாமே கல்கத்தா. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்ப்பாள். முகம், பேர், ஊர் எல்லாம் அப்புறம்தான்.

"ஹலோ...?"

"டாக்டர் தீதி! நான் இன்ஸ்பெக்டர் சந்தீப் பேசறாங்க. ஒரு கண்ணு பார்க்கணும். அர்ஜென்ட்!"

"யாரோட கண்ணு?"

"மஹாதேவன் பாபு. நேத்து தலையில அடி வாங்கினா. இப்ப கண்ணு தெரியலைன்னு சொல்றா."

"வாங்கினாளா? மஹாதேவன் மாமா எப்போ பொம்பளை ஆனார்?"

"தீதி! எங்க பாஷையில அவனும் அவளும் ஒண்ணுதான். உங்க தமிழ்லதான் இவ்வளவு தொந்தரவு!"

இன்ஸ்பெக்டர் சந்தீப் வங்காளி. ஜலஜா அவருக்கு 'தீதி', அதாவது அக்கா. இந்த ஏரியாவுக்கு வந்த நாளிலிருந்து நெய் ரோஸ்ட்டோடு சேர்த்துத் தமிழையும் பழகிக்கொண்டவர். நெய் ரோஸ்ட் நன்றாக வந்துவிட்டது.

பதினைந்து நிமிடத்தில் ஒரு கூட்டமே உள்ளே நுழைந்தது.

முன்னால் சந்தீப். நாற்பது வயது. தொப்பி வருவதற்கு முன்பே தொப்பை வந்துவிடுகிற மாதிரி உடம்பு. இரண்டு மேல் இமைகளிலும் மூக்கோரமாக மஞ்சளாய் ஒரு சின்னத் திட்டு. சந்தனம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஜலஜா அதைக் கவனித்தாள்.

அவர் பின்னால் மஹாதேவன். அறுபத்தெட்டு வயது. பேங்க்கில் ஆபீஸராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. தலையில் கட்டு. பெண் மதுவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நடந்தார்.

கடைசியில் கான்ஸ்டபிள். கான்ஸ்டபிளின் பிடியில் ஒரு இளைஞன்... சீனிவாசன்! மதுவந்தியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன். ஊருக்கே சீனி.

"சொல்லுங்கோ, இன்ஸ்பெக்டர். இந்தப் பிள்ளை என்ன பண்ணினான்?"

"வருங்கால மாமனார் தலையை உடைச்சா."

"ஆதாரம்?"

சந்தீப் மூன்று விரலை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஒண்ணு... மாசிமா காதால கேட்டான். மஹாதேவன் பாபு, 'ஆமி சினி, ஆமி சினி'ன்னு கத்தினா. எனக்கு ஆளைத் தெரியும்! ரெண்டு... அதையே தமிழ்க் காதால கேளுங்க தீதி. சினி... சீனி! ஆளோட பேரு! மூணு... அதே நேரத்துல சீனி படியில ஓடறதை வாட்ச்மேன் பார்த்தா. ஒரே வார்த்தையில சாட்சியும் இருக்கு, குற்றவாளி பேரும் இருக்கு. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் எனக்குக் கிடைக்கலை!"

"அதுக்கு நான் எதுக்கு?"

"வெறும் அடின்னா சின்ன கேஸ் தீதி. இன்னிக்கே ஜாமீன். ஆனா அடியால கண்ணு போச்சுன்னா... கொடுங்காயம்! நீங்க சர்ட்டிபிகேட்ல ஒரே ஒரு வரி எழுதுங்க. மத்தியானம் ஒரு மணிக்கு கோர்ட்டு. சீனி உள்ளே!"

ஜலஜா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால்.

"சீனி, நேத்திக்குக் காலம்பற நீ எதுக்கு அங்கே போனே?"

சீனி ஓரக்கண்ணால் மதுவந்தியைப் பார்த்தான். தலையைக் குனிந்து கொண்டான்.

"சும்மா... அந்தப் பக்கம் வந்தேன், டாக்டர்."

"சும்மாவா?" மதுவந்தியின் குரல் உடைந்தது. "பாருங்கோ ஆன்ட்டி! குடியிருக்கறது ஜாதவ்பூர். ஆபீஸ் சால்ட் லேக். நடுவுல லேக் மார்க்கெட் எங்கேர்ந்து வந்தது? நேத்திலேர்ந்து கேட்டுண்டிருக்கேன். ஒரு ஆன்ஸர் இல்லை. இன்னும் நைன் டேஸ்ல கல்யாணம். இவனுக்காக அப்பாகிட்ட எவ்வளவு பேசினேன் தெரியுமா? இப்போ அந்த அப்பாவையே..."

அழுதாள்.

"அழாதடி மது!" மஹாதேவன் பதறினார். "சீனி அடிச்சான்னு நான் சொன்னேனா? எனக்குக் கண் இருட்டிண்டு வந்தது. யாரையும் பார்க்கலை. கண்ணே தெரியலையே, எப்படிப் பார்ப்பேன்?"

"கேட்டீங்களா?" என்று சந்தீப் துள்ளினார். "கண்ணு போச்சு! அவளே சொல்றா!"

பாவம் மஹாதேவன், சீனியை இழுத்துக் கரை சேர்க்க அவர் பேசிய ஒவ்வொரு பேச்சும் அவனை இன்னும் ஆழத்தில் தள்ளிக்கொண்டிருந்தது.

ஜலஜா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை வெளிச்சமானது.

"வாசியுங்கோ மாமா."

"முதல் வரி தெரியறது... ரெண்டாவது... ம்ஹும். கலங்கலா இருக்கு."

பொய் சொல்லுகிற குரல் இல்லை. கண்ணைச் சுருக்கி, நிஜமாகவே கஷ்டப்பட்டார்.

"சரி. இந்த அட்டையைக் கிட்டக்க வச்சுண்டு படியுங்கோ."

"ஒண்ணுமே தெரியலைம்மா. ஒரே இருட்டு!"

இந்தப் பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. ஜலஜாவின் புருவம் அரை அங்குலம் ஏறியது.

மேஜையிலிருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிப் பொடி எழுத்தில் ஏதோ கிறுக்கினாள். நாலாக மடித்தாள்.

"மாமா, சித்த இதைப் பிடிச்சுக்கோங்கோ. கல்பனா வருவா, அவகிட்டக் கொடுங்கோ."

கல்பனா அவளுடைய உதவியாளர். அன்றைக்கு லீவு. அது மஹாதேவனுக்குத் தெரியாது.

ஜலஜா திரும்பிக்கொண்டு கருவியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தாள். எதிரே இருந்த கண்ணாடியில் அவர் தெரிந்தார்.

ஒரு நிமிடம்... ஒன்றரை நிமிடம்...

மஹாதேவனின் விரல்கள் மெதுவாகக் காகிதத்தைப் பிரித்தன. கண்ணாடி போடாத கண்கள் வரியில் ஓடின.

'கல்பனா, என் டிபன் பாக்ஸில் நொலேன் குர் சந்தேஷ் நாலு இருக்கிறது. எடுத்து ஃபிரிட்ஜில் வை.'

நொலேன் குர் சந்தேஷ்! குளிர்காலத்தில் மட்டும் வருகிற புது ஈச்ச வெல்லம் போட்டுச் செய்த பால் இனிப்பு. கல்கத்தாக்காரன் சொத்தையே எழுதிக் கொடுப்பான் அதற்கு!

மஹாதேவனின் கண்கள் காகிதத்தை விட்டு எழுந்தன. மேஜைக்குப் போயின. அலமாரிக்குப் போயின. மூலையில் இருந்த டிபன் பாக்ஸைக் கண்டுபிடித்து அங்கேயே தங்கின.

ஜலஜா சிரிப்பை விழுங்கிக் கொண்டாள்.

"கண்ணுல சொட்டு மருந்து விடறேன் மாமா. கண் பாப்பா விரியறதுக்கு இருபது நிமிஷம் ஆகும். கண்ணை மூடிண்டு இருங்கோ."

அந்த இருபது நிமிடம் அவளுக்குப் போதும்.

வெளியே பெஞ்சில் சீனி உட்கார்ந்திருந்தான். ஜலஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுக்குப் போனா வேலை போயிடும். தெரியுமோ?"

"தெரியும்."

"கல்யாணமும் போயிடும்."

"உண்மையைச் சொன்னாலும் போயிடும், டாக்டர்."

சொன்ன பிறகுதான் வாய் தவறியது அவனுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்தினான்.

அந்தக் கை மணிக்கட்டில்... ரப்பர் பேண்டுகள்! சிவப்பு, பச்சை, மஞ்சள். ஏழெட்டு இருக்கும்.

"இது என்ன?"

"ஃபேஷன்!"

"சாஃப்ட்வேர் கம்பெனியில இப்போ இதுதான் ஃபேஷனா?"

சீனி சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடினான். ஜலஜா எழுந்து ஜன்னலோரம் நின்ற மதுவந்தியிடம் போனாள்.

"மது, ரெண்டு மாசம் முன்னாடி அப்பாவுக்குப் படிக்கற கண்ணாடி எழுதிக் கொடுத்தேனே. எங்கே அது?"

"போட்டுக்கறதே இல்லை, ஆன்ட்டி. திடீர்னு ஒரு நாள், 'எனக்குப் பார்வை திரும்பிடுத்து'ன்னார். ஹிந்து பேப்பரைக் கண்ணாடி இல்லாம படிச்சுக் காட்டினார். நான் டெய்லி காரட் ஜூஸ் போட்டுக் கொடுக்கறேன் இல்லையா, அதனாலதான்னு எவ்வளவு பெருமையா இருந்தேன்! நேத்து அடி பட்டு எல்லாம் போச்சு..."

"சுகர்?"

"அவருக்குப் பத்து வருஷமா இருக்கே. வீட்டுல ஒரு ஸ்பூன் சர்க்கரை வச்சுக்க மாட்டேன். சீனிகிட்டேயும் சத்தியம் வாங்கிண்டிருக்கேன், அப்பாவுக்கு மிஷ்டி கிஷ்டின்னு ஒரு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாலும் கல்யாணம் கேன்சல்னு. நேத்து பத்தரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கறதா இருந்தது. அதுக்குள்ளே இந்தக் கொடுமை."

"தேங்க்ஸ், மது. நீ ரொம்ப நல்ல பொண்ணு. உன்னைச் சுத்தி இருக்கறவாதான் சரியில்லை."

மதுவந்தி குழப்பமாகப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள் ஜலஜா. விளக்கை அணைத்தாள். கருவியின் வெளிச்சம் மஹாதேவனின் கண்ணுக்குள் பாய்ந்தது. வலது கண்... இடது கண்... மறுபடியும் வலது.

அவள் முகத்திலிருந்த குறும்பு மெல்ல மெல்ல மறைந்தது.

விளக்கைப் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர், சர்ட்டிபிகேட் ரெடி."

"எழுதிட்டீங்களா? கண்ணு போச்சுன்னு?"

"மாமா கண்ணை யாரும் அடிக்கலை. தலையிலேயும் யாரும் அடிக்கலை. சீனி நிரபராதி. நீங்க தேடற குற்றவாளி இதோ, இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்!"

"என்னது?" சந்தீப்பின் தொப்பி நழுவியது. "தன் தலையைத் தானே உடைச்சாளா?"

"அடி பட்டது நெத்தியில இடது பக்கம். ஆனா கண்ணுக்குள்ளே பின்பக்கம் பொட்டுப் பொட்டா ரத்தம் கசிஞ்சிருக்கே, அது ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரி இருக்கு. அதுவும் நேத்து வந்தது இல்லை, பழசு. கம்பால அடிச்சா அப்படி வராது. சர்க்கரைதான் அப்படிப் பண்ணும்."

"நர்ஸிங் ஹோம்ல நேத்தே சுகர் பார்த்தாங்க தீதி. நூத்து நாப்பது! அருமையா இருக்குன்னு சொன்னாங்க!"

"ரத்தம் அந்த நிமிஷத்துக் கதையை மட்டும்தான் சொல்லும். கண்ணு இருக்கே, அது பொல்லாதது. போன மாசக் கதையையும் சேர்த்துச் சொல்லிடும்." ஜலஜா மஹாதேவன் பக்கம் திரும்பினாள். "சர்க்கரை வாரக்கணக்கா ஏறி நின்னா, கண்ணுக்குள்ளே இருக்கற லென்ஸ் ஊறிப் போயிடும். ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி. தூரம் மங்கும். கிட்டப் பார்வை பளிச்சுனு ஆயிடும். அறுபத்தெட்டு வயசுக்காரர் கண்ணாடி இல்லாம பேப்பர் படிப்பார். காரட் ஜூஸுக்குப் பேர் கிடைக்கும். இல்லையா மாமா?"

"எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலைன்னேனே..."

"அந்தத் துண்டுக் காகிதம் எங்கே?"

மஹாதேவன் கையை விரித்தார். காகிதம் பிரிந்திருந்தது.

"பிரிக்கச் சொல்லலையே நான். சரி, சந்தேஷ் எத்தனை இருக்குன்னு எழுதியிருந்தேன்?"

"நாலு!"

சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக் கொண்டார்.

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். மதுவந்தியின் பார்வை அப்பாவின்மேல் விழுந்தது. ஊசியே தேவலை.

"இன்ஸ்பெக்டர், அந்த வீட்டு வாசல்ல என்னென்ன கிடைச்சதுன்னு லிஸ்ட் எடுத்திருப்பேளே, அதைப் படியுங்கோ."

சந்தீப் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். "கத்தி இல்ல... கம்பு இல்ல... செருப்பு அலமாரியில ஒரு அட்டைப் பெட்டி. காலி."

"மிட்டாய்க் கடைப் பெட்டியா?"

"ஆமா."

"ரப்பர் பேண்ட் போட்டுத்தானே கட்டிக் கொடுப்பான்? இருந்ததா?"

"இல்லையே..."

"சீனி! கையை நீட்டு!"

சட்டைக் கை மேலே போனது. சிவப்பு, பச்சை, மஞ்சள்!

"அங்கிள்தான் கேட்டார்..." சீனி ஈனசுரத்தில் ஆரம்பித்தான். "'பனிக்காலம் முடிஞ்சா கிடைக்காதுடா'ன்னு கெஞ்சினார். எங்க ஜாதவ்பூர் கடையில வாங்கி, தினம் ஆபீஸ் போறச்சே சுத்திண்டு வந்து வாசல் கதவுல மாட்டிட்டு ஓடிடுவேன். ரெண்டு மாசமா. ரப்பர் பேண்டைக் கழட்டினா 'பட்'னு சத்தம் வரும், மதுவுக்குக் கேட்டுடும்னு நானே கழட்டிக் கையில போட்டுண்டுடுவேன்..."

"ஜெயிலுக்குப் போறேன்னு நின்னியே, அப்போ சொல்லறதுக்கு என்ன?" சந்தீப்பால் நம்ப முடியவில்லை.

"ஜெயில்லேர்ந்து வெளியில வந்துடலாம், சார். மது கேன்சல் பண்ணிட்டா, பண்ணினதுதான்."

மஹாதேவன் முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கு வழியாகக் குரல் வந்தது.

"எல்லாம் என் தப்பு. ரத்தம் எடுக்க வரான்னதும் பயந்துட்டேன். முந்தின நாள் ராத்திரி சாப்பிடலை. மாத்திரையை ரெண்டா முழுங்கினேன். காலம்பறவும் ரெண்டு. அரை மணியில கை கால் எல்லாம் நடுங்க ஆரம்பிச்சுடுத்து. வேர்த்துக் கொட்டறது. சர்க்கரை இறங்கிடுத்துன்னு புரிஞ்சது. மது வெளியில போயிருந்தா. வாயில போட்டுக்க வீட்டுல ஒரு துளி சர்க்கரை இல்லை! மாசிமாகிட்டக் கேட்கலாம்னா, அவளுக்குத் தமிழ் தெரியாதே... அதனால வங்காளத்துல கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"சர்க்கரைக்கு வங்காளத்துல சினிதானே? ஆமின்னா நான். சினின்னா சர்க்கரை. எனக்குச் சர்க்கரை வேணும்! ஆமி சினி...! ஆமி சினி...! அவ்வளவுதான் சொன்னேன். தலை சுத்தி, மேஜை முனையில இடிச்சுண்டு விழுந்தேன்."

சந்தீப் இரண்டு கையாலும் தலையில் அடித்துக் கொண்டார்.

"மஹாதேவன் பாபு! அதுக்கு 'ஆமார் சினி சாய்'னு சொல்லணும்! 'ஆமி சினி'ன்னு நிறுத்தினா, எனக்கு ஆளைத் தெரியும்னு அர்த்தம்! ஒரு சின்ன வார்த்தையைக் காணோம், ஒரு கொடுங்காயக் கேஸே எழுதிட்டேன்! கல்கத்தாவுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாற்பத்திரண்டு."

"நான் அஞ்சு வருஷத்துல தமிழ் கத்துக்கிட்டேன்!"

"நன்னாத்தான் கத்துண்டேள். காலம்பறலேர்ந்து என்னைப் பொம்பளையாவே வச்சிருக்கேள்!"

"அப்புறம் எப்படிப் பிழைச்சேள் மாமா?" என்றாள் ஜலஜா.

"வாசல்ல ஏதோ உரசற சத்தம் கேட்டது. ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தேன். கதவுல பை தொங்கிண்டிருந்தது. சீனி கொண்டுவந்த சந்தேஷ்... நாலையும் வாயில போட்டுண்டேன். பெட்டியை செருப்பு அலமாரிக்குள்ளே தள்ளினேன். கடைசித் துண்டை மென்னுண்டு இருக்கறச்சே எல்லாரும் வந்துட்டா. மது வந்து, 'யாருப்பா அடிச்சா, திருடனா?'ன்னா. தலையை ஆட்டினேன். ஒரே ஒரு ஆட்டு! அதுக்கு அப்புறம் யாருமே என்னைப் பேச விடலை."

ஆக, பகவான் நாமம் ஈச்ச வெல்லத்தில் செய்தது!

சந்தீப் வாய்விட்டுச் சிரித்தார். கான்ஸ்டபிளும் சிரித்தான். ஜலஜா சிரிக்கவில்லை.

"மாமா, இதைக் கேளுங்கோ. கண் தெரியலைன்னு சொன்னது பொய்தான். ஆனா உள்ளே நான் பார்த்தது பொய் இல்லை. ரத்தக் கசிவு பார்வை நரம்புக்குக் கிட்டக்க வந்துடுத்து. இன்னும் ஆறு மாசம் இப்படியே சந்தேஷ் சாப்பிட்டிருந்தேள்னா, நீங்க சொன்ன பொய் நிஜமாயிருக்கும். மது கழுத்துல தாலி ஏறறதை அடுத்த வாரம் பார்ப்பேள். அவ குழந்தை முகத்தைப் பார்த்திருக்க மாட்டேள்."

மஹாதேவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நேற்று பயந்தது ரத்தம் எடுக்க வருகிறவனுக்கு. இன்றைக்கு நிஜமான பயம். எதிரே நின்ற மதுவந்தியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் இருந்ததால் அது கலங்கலாகத்தான் தெரிந்தது.

"ஜலஜா... இப்போ சரி பண்ண முடியுமா?"

"முடியும். லேசர் இருக்கு, ஊசி இருக்கு. முதல்ல சர்க்கரையை அடக்கணும். லென்ஸ் ஊறினது தானா வடிஞ்சுடும். பழையபடி கண்ணாடி தேவைப்படும். அதுதான் நீங்க குணமாகறதுக்கு அடையாளம்."

"கண்ணாடியைத்தான் லேக்ல தூக்கிப் போட்டுட்டேனே..."

"அப்பா!" என்றாள் மதுவந்தி. அந்த ஒரு வார்த்தையில் கோபம், அழுகை, நிம்மதி மூன்றும் இருந்தன. அவர் தலைக் கட்டைத் தடவிக் கொடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார், சீனியை அரெஸ்ட் பண்ணுங்கோ!"

"என்ன?" சந்தீப் பதறினார். "நிரபராதின்னு இப்பத்தானே சொன்னாங்க! எந்த செக்ஷன்ல அரெஸ்ட் பண்றது?"

"சத்தியத்தை மீறினதுக்கு!"

"அந்த மாதிரி செக்ஷன் இருந்தா பாதி கல்கத்தா உள்ளே இருக்கும்!"

"அப்போ தண்டனையை நானே கொடுத்துக்கறேன்."

மதுவந்தி சீனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு ரப்பர் பேண்டை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்தாள். விட்டாள்.

பட்!

"ஆ...!"

"இது அப்பாவோட கண்ணுக்கு." பட்! "இது என் காரட் ஜூஸுக்கு." பட்! "இது நேத்திலேர்ந்து நான் அழுததுக்கு..."

சீனி ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டான். அடி விழ விழ அவன் முகத்தில் களை வந்தது. அடிக்கிறாள் என்றால் கேன்சல் இல்லை!

கடைசியாகச் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று மிஞ்சியது. மதுவந்தி அதைக் கழற்றித் தன் விரலில் சுற்றிக்கொண்டாள்.

"கல்யாணத்துல எல்லாருக்கும் மிஷ்டி உண்டு. உங்க ரெண்டு பேருக்கும் பிளேட்ல வேப்பம்பூ. இப்போ கிளம்புங்கோ."

மூன்று பேரும் கைகோர்த்துக்கொண்டு வெளியே போனார்கள். மஹாதேவன் போகிற போக்கில் மூலையிலிருந்த டிபன் பாக்ஸைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார்.

சந்தீப் எழுதி வைத்திருந்த காகிதங்களைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். பெருமூச்சு விட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தீதி... கேஸ்தான் போச்சு. அந்த நாலு சந்தேஷையாவது கொடுங்க. ஆதாரமா எடுத்துட்டுப் போறேன்."

"டிபன் பாக்ஸ்ல தயிர் சாதம்தான் இருக்கு. உங்களுக்கு அதுவும் கிடையாது." ஜலஜா ஒரு சீட்டை நீட்டினாள். "நாளைக்குக் காலம்பற வெறும் வயித்துல போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிண்டு வாங்கோ. உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி!"

சந்தீப்பின் முகம் சிவந்தது. தமிழில் அவர் முதன்முதலில் கற்றுக்கொண்ட வசவு அதுதான்.

"தீதி! டியூட்டியில இருக்கற போலீஸைப் பார்த்துக் கொழுப்புன்னு சொல்றீங்களா?"

"வசவு இல்லை சார், வியாதி. உங்க ரெண்டு இமையிலயும் மஞ்சளா ஒட்டிண்டிருக்கே, அது சந்தனம் இல்லை... ரத்தத்துல மிதக்கற கொழுப்பு வெளியில வந்து எட்டிப் பார்க்கறது."

சந்தீப் சட்டென்று கண்ணாடியில் போய்ப் பார்த்தார். தடவினார். அழித்துப் பார்த்தார். போகவில்லை.

"எந்த டெஸ்ட்டும் எடுக்கலை... எனக்குக் கொழுப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜலஜா விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள்.

"ஆமி சினி!"